இலங்கைக்குப் போங்கள், அந்தக் கப்பலில் வேண்டாம்

ஸ்ரீமுஷ்ணம் கடைவீதி நண்பர்களுக்கும் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைச் சகாக்களுக்கும்:

சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கையைச் சுற்றிவிட்டு வரும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போய்வர உங்களில் பலர் பேசி வைத்திருக்கிறீர்கள். சிலர் முன்பணமும் கட்டிவிட்டீர்கள். அந்தப் பேச்சு டீக்கடையில் சண்டையாக முடிந்ததும் ஊருக்குத் தெரியும். "முள்ளிவாய்க்கால்ல அத்தனை பேரைக் கொன்ன நாட்டுக்கு உல்லாசப் பயணமா?" என்று ஒரு தரப்பு. "அங்க இருக்கிற தமிழனே கப்பல் வரணும்னுதான் கேக்குறான், நமக்கென்ன?" என்று இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். நேரில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கைக்குப் போகலாம், போகவும் வேண்டும். சொகுசுக் கப்பலில் போகக் கூடாது. நாகப்பட்டினத்தில் ஏறி காங்கேசன்துறையில் இறங்கும் பயணிகள் கப்பலில் போங்கள், வடக்கில் தங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தடை விஷயம். "இலங்கைமீது தடை இருக்கிறது, போவது தப்பு" என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். இலங்கையோடு வணிகமே கூடாது என்ற முழுத்தடையை எந்த நாடும் போடவில்லை. தடை கேட்டது நாம்தான். 2011 ஜூன் 8 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா கொண்டுவந்த தீர்மானத்தைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. இடம்பெயர்ந்த தமிழர்கள் சொந்த ஊரில் குடியமர்த்தப்பட்டுச் சம உரிமையோடு வாழும் வரை இலங்கைமீது பொருளாதாரத் தடை விதிக்க மத்திய அரசை அது வலியுறுத்தியது. 2013 மார்ச்சில் இன்னொரு தீர்மானம், இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதையும் நிறுத்தச் சொன்னது. டெல்லி இரண்டுக்கும் அசையவில்லை. முதல் தீர்மானம் நிறைவேறிய ஐந்தாவது நாளே, 2011 ஜூன் 13 அன்று, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' பயணிகள் கப்பல் மத்திய அமைச்சர் கொடியசைக்கக் கிளம்பியது. சில மாதங்களில் அது நின்றதும் நட்டத்தால்தான்.

உண்மையில் விழுந்த தடைகள் வேறு மாதிரியானவை. மனித உரிமை நிலையைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை 2010 ஆகஸ்டில் நிறுத்தி, 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. அதன் அடி முக்கியமாக ஆடை ஏற்றுமதியில் விழுந்தது, அதாவது தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையில். பிறகு வந்தவை ஆளைக் குறிவைத்தவை. தளபதி சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் நுழைய 2020-இல் தடை வந்தது. மகிந்த, கோட்டாபய ராஜபக்ச சகோதரர்கள்மீது கனடா 2023 ஜனவரியில் தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரிட்டன் சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய படைத்தளபதிகளோடு புலிகளிலிருந்து பிரிந்த கருணாவையும் சேர்த்துத் தடைப் பட்டியலில் போட்டது. இந்த இரண்டாம் வகைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவனின் சொத்தையும் பயணத்தையும் முடக்குங்கள், வயிற்றுப்பாட்டுக்குத் தைப்பவளின் கூலியை ஏன் முடக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை என் மனதில் போட்டவர் என்னோடு சூளையில் வேலை பார்க்கும் ஒருவர். பருத்தித்துறைப் பக்கத்துக்காரர், 2006-இல் சண்டை மறுபடி மூண்டபோது படகில் வந்தவர், இப்போது நம் மாவட்ட அகதி முகாம் ஒன்றில் இருக்கிறார். கார்த்திகைக்கு முன் அகல் விளக்குகளைச் சூளைக்கு அடுக்கிக்கொண்டிருந்த நாளில், ஒரு அகலைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தபடியே பள்ளிக்கூட நாள்களைச் சொன்னார். 1990-இல் போர் மறுபடி தொடங்கியதும் கொழும்பு அரசு யாழ்ப்பாணத்துக்குள் பொருள் போவதைத் தடுத்துவிட்டது. பெட்ரோல், டீசல், சிமெண்ட், உரம், டார்ச் பேட்டரி எதுவும் வராது. மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் ஒரு மெல்லிய திரி. காற்றுக்குப் போத்தலே மறைப்பு. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. ரேடியோவில் செய்தி கேட்கச் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஒருவர் மிதிக்க வேண்டும், டைனமோ கொடுக்கும் மின்சாரத்தில் ரேடியோ பேசும்.

பொருளாதாரத் தடை என்று நாம் சட்டமன்றத்திலும் மேடையிலும் கேட்டதை அந்த மக்கள் தங்கள் வீட்டுக்குள் வருடக்கணக்காக அனுபவித்தவர்கள். நாம் கேட்டபடி டெல்லி தடை போட்டிருந்தால் பருப்பும் மருந்தும் விலையேறி முதலில் யார் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும்? கொழும்பு அமைச்சர் வீட்டு அடுப்பு அணைந்திருக்காது. தீர்மானம் போட்டவர்களின் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னபோது கோபப்படாதவன் மனிதனில்லை. எனக்கும் அன்று அந்தத் தீர்மானம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வாழ்கிற மக்கள் என்ன கேட்டார்கள் என்பது அந்தத் தீர்மானத்துக்குள் வரவில்லை.

கேட்பவர் யார் என்பதுதான் இந்த விவகாரத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது. தென்னாப்பிரிக்காவை நினைத்துப் பாருங்கள். நிறவெறி அரசோடு வணிகத்தை முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா, 1946-லேயே. நம் பாஸ்போர்ட்டிலேயே 'தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது' என்று நெடுங்காலம் அச்சிட்டிருந்தார்கள். 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்துவிட்ட இந்திய அணி, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆடவே மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது. அந்த அணியில் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்தார்கள். அத்தனை பெரிய இழப்பை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. புறக்கணியுங்கள் என்று கேட்டவர் ஆல்பர்ட் லுதுலி, அந்த மண்ணின் கறுப்பின மக்களின் தலைவர். "எங்களுக்கும் வலிக்கும், பரவாயில்லை, செய்யுங்கள்" என்ற நிலையில் நின்று கேட்டார்கள்.

பர்மாவிலும் அப்படித்தான். ராணுவ ஆட்சி 1996-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது ஆங் சான் சூ சியும் அவருடைய கட்சியும் வராதீர்கள் என்றார்கள். பிறகு 2010, 2011 வாக்கில் அதே கட்சி நிலையை மாற்றியது. தனித்தனியாக வாருங்கள், எங்கள் மக்களைப் பாருங்கள், கூட்டமாக வரும் பேக்கேஜ் சுற்றுலா மட்டும் வேண்டாம் என்றது. உலகம் முதல் பேச்சையும் கேட்டது, இரண்டாவதையும் கேட்டது. அதுதான் முறை.

வடக்கிலிருந்து நமக்கு வந்த குரல் எது? பலாலி விமான நிலையத்தைத் திறந்துவிடுங்கள், காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுங்கள், இந்தியாவோடு நேரடிப் போக்குவரத்து வேண்டும். யாழ்ப்பாண வணிகர்களும் மக்கள் பிரதிநிதிகளும் நெடுநாளாகக் கேட்டுவந்தது இதைத்தான். எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு ரயிலேறிய காலம் 1964 புயலோடு போயிற்று. ராமேசுவரம் தலைமன்னார்க் கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. 2019 அக்டோபரில் பலாலி திறந்தது, அடுத்த மாதமே சென்னையிலிருந்து வழக்கமான விமானச் சேவை தொடங்கியது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து 'செரியாபாணி' காங்கேசன்துறைக்குப் போனது. மழைக்காலம் வந்ததால் சில நாளில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்து மறுபடி ஓடத் தொடங்கியது. வராதே என்று வடக்கு நமக்குச் சொல்லவில்லை. நம் சார்பில் நாமே சொல்லிக்கொண்டோம்.

நம் சார்பில் சிலர் செய்த வேறொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்திரிகர்களை மறித்து, அவர்கள் ஊர் திரும்பும் வழியில் பேருந்துகளைத் தாக்கினார்கள். தமிழ்நாட்டுக்குப் போகாதீர்கள் என்று இலங்கை அரசு தன் மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது. நம் ஊர்ப் பூவராகசுவாமி மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும்போது தர்காவில் வரவேற்று மரியாதை செய்கிறார்களே, அந்த ஊர்வலத்தோடு நடந்து வளர்ந்தவர்கள் நாம். சாமி கும்பிட வந்தவன்மீது கல் விழுந்ததை எந்தப் போராட்டத்தின் பெயராலும் நம்மால் ஏற்க முடியாது.

இனி, முன்பணம் கட்டியவர்களுக்கு. நீங்கள் போகிற கப்பலைப் பற்றிப் பேசுவோம்.

கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். சாப்பாடு கப்பலில், படுக்கை கப்பலில், ஆட்டம்பாட்டம் கப்பலில், எல்லாவற்றுக்கும் பணம் சென்னையிலேயே வாங்கிவிடுவார்கள். துறைமுகத்தில் இறங்கினால் சில மணி நேரம். ஊர் சுற்றிக் காட்டும் பேருந்தையும் பெரும்பாலும் கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ கப்பலுக்குத் திரும்ப வேண்டும், கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று திரும்பத்தான் செய்வீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு தோசைக்கடைக்குக்கூட உங்கள் பணம் போய்ச் சேராது.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் கடல் தாண்ட வேண்டாம். நம் ஊர்க் கோயிலுக்கு ஆன்மிகச் சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. இறங்குவார்கள், பதினாறுகால் மண்டபத்துத் தூணைப் படம் பிடிப்பார்கள், பெருமாளைச் சேவிப்பார்கள், கோரைக்கிழங்குப் பிரசாதம் வாங்குவார்கள், பேருந்திலேயே கட்டிவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த கோயிலுக்குக் கிளம்புவார்கள். அன்றைக்குக் கடைவீதியில் என்ன வியாபாரம் நடந்தது என்று உங்களுக்கே தெரியும். மாசி மகத்துக்கு உறவுக்காரர் வீட்டில் வந்து இறங்கி நான்கு நாள் தங்குகிறவர்தான் மளிகைக்கடையில், டெய்லரிடம், ஆட்டோக்காரரிடம் பணம் விடுகிறார். அவர்தான் அடுத்த வருஷமும் வருகிறார்.

அம்பாந்தோட்டைத் துறைமுகம் யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். கடன்சுமை தாங்காமல் 2017-இல் இலங்கை அதைச் சீனாவின் சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சீனப் பீங்கான் சரக்கின் விலைக்கு நம் சூளைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று வருந்துகிற தொழிற்பேட்டை நண்பர்கள், உங்கள் பயணத்தில் கப்பல் செலுத்தும் துறைமுகக் கட்டணம் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

'நான் ஓய்வுக்குப் போகிறேன், அரசியல் எதற்கு' என்றும் ஒருவர் கேட்டார். நாம் அரசியலை விட்டாலும் அங்கே சுற்றுலாவை அரசியல் விட்டதில்லை. போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகாத 2010 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், அந்த ஆண்டு பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இலங்கைக்கு முதலிடம் கொடுத்தது. அப்போது வன்னி மக்களில் பலர் முள்வேலி முகாமுக்குள் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கொழும்பில் ஐஃபா இந்திய சினிமா விருது விழாவை நடத்தி, நட்சத்திரங்களை வரவழைத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று உலகுக்குக் காட்டப் பார்த்தார்கள். தமிழ்த் திரையுலகம் போகாதே என்று எதிர்த்து நின்றது, அமிதாப் பச்சன் போகவில்லை. அந்த எதிர்ப்பு சரி என்றே இன்றைக்கும் சொல்வேன். அரசாங்கம் விரித்த மேடை அது, யாழ்ப்பாணத்து மக்கள் அழைத்த அழைப்பு அல்ல. 2012-இல் நந்திக்கடல் ஓரத்திலேயே ராணுவம் ஒரு உல்லாச விடுதி திறந்தது. அத்தனை பேர் செத்த நீர்நிலையைப் பார்த்தபடி அறைகள். பயணியின் பணத்தையும் பயணியின் சிரித்த முகப் படத்தையும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

கியூபாவின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். அறுபதுகளிலிருந்து அமெரிக்கத் தடையில் கிடக்கும் நாடு அது. தடையை விலக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறது, இந்தியாவும் அதை ஆதரித்துவருகிறது. 2016 மே மாதம் மயாமியிலிருந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல் சொகுசுக் கப்பல் ஹவானாவுக்குப் போனது. 2019 ஜூனில் டிரம்ப் அரசு ஒரே அறிவிப்பில் கப்பல்களை நிறுத்திவிட்டது. பயணிகளை நம்பிக் கடன் வாங்கிப் பழைய காரைப் புதுப்பித்து வைத்திருந்த டாக்சிக்காரர்களும் வீட்டிலேயே சாப்பாட்டுக்கடை போட்டவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சொகுசுக் கப்பல் எந்த ஊரோடும் உறவு வைத்துக்கொள்வதில்லை. லாபம் இருந்தால் வரும், மேலிடத்து உத்தரவு மாறினால் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

ஆகவே நாகப்பட்டினம் வழி. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி வழியாக நாகை. அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல். இந்தக் கப்பலில் சூதாட்டமும் நீச்சல்குளமும் கிடையாது, ஒரு பேருந்துப் பயணத்துக்கான வசதிதான். வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள். மாசி மகம் கழித்துப் போகலாம், இல்லையென்றால் ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசாமி கோயிலின் 25 நாள் திருவிழாவுக்குப் போகலாம். நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் ஒன்றைப் பார்ப்பீர்கள். சூளைத் தொழிலில் கைவைத்தவர் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. இடிந்து கிடக்கும் சிமெண்ட் தொழிற்சாலை. 1950-இல் தொடங்கியது, அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டே சிமெண்ட் செய்தார்கள், வடக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது. 1990-இல் போரில் மூடியது மூடியதுதான். சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்களை வெளியேற்றி ராணுவம் உயர்பாதுகாப்பு வலயம் ஆக்கிக்கொண்டது. நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்துவருகிறார்கள். ஒரு சூளை அணைந்தால் அதைச் சுற்றியிருக்கும் ஊருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சொகுசுக் கப்பலின் பேருந்து அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். நீங்கள் இறங்கி, வழியில் போகிற வயதான ஒருவரிடம் கேளுங்கள். அதில் வேலை பார்த்தவராக இருக்கலாம்.

தங்குமிடத்தில் கவனமாக இருங்கள். அதே கடற்கரையில் 'தல்செவன' என்று ராணுவம் நடத்தும் விடுதி இருக்கிறது, அழகான இடம். அந்த உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் எழுந்த விடுதி அது. அங்கே தங்காதீர்கள், அங்கே சாப்பிடாதீர்கள். பக்கத்துத் தையிட்டியில் தனியார் நிலத்தில் விகாரை கட்டப்பட்டதை எதிர்த்து நிலத்துக்காரர்கள் 2023 முதல் போராடிவருகிறார்கள், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் விடுதிகளும் வீட்டோடு வாடகைக்கு விடும் அறைகளும் நிறைய உண்டு. மதியம் சோறும் கறியும் அந்த வீட்டிலேயே சொல்லி வையுங்கள், ஒரு நாளாவது ஒடியல் கூழ் கேளுங்கள். வாங்குவதென்றால் பனங்கட்டி, புழுக்கொடியல், பினாட்டு, பனையோலைப் பெட்டி. பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்கள் விற்கிற இடத்தில் வாங்கினால் மரம் ஏறுகிறவர் வீட்டுக்குப் பணம் போகும்.

நூலகத்துக்குப் போங்கள். 1981-இல் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பிறகு மறுபடி எழுந்த கட்டடம் அது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படத்தை ஏந்திப் போராடிவரும் தாய்மாரைச் சந்திக்க முடிந்தால் சந்தியுங்கள். செம்மணியில் 2025-இல் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. இந்த இடங்களில் செல்ஃபி எடுக்காதீர்கள். பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள், பேச மாட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

நீங்கள் கேட்கத் தயாராக இருக்க வேண்டிய இன்னொரு பேச்சும் உண்டு, அது நம்மைப் பற்றியது. பருத்தித்துறையிலோ மயிலிட்டியிலோ ஒரு மீனவரிடம் 'தொப்புள்கொடி உறவு' என்று ஆரம்பித்தால், அவர் தன் அறுந்த வலையைக் காட்டக்கூடும். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் அவர்களுடைய கடல் அடியைச் சுரண்டிப்போகின்றன, முப்பது வருஷம் போரால் கடலுக்குப் போக முடியாமல் இருந்தவர்களின் வலையைக் கிழித்துப்போகின்றன. இழுவைமடி மீன்பிடியை இலங்கை நாடாளுமன்றம் 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது, அதைக் கேட்டுப் போராடியவர்களில் வடக்கின் தமிழ் மீனவர்கள் முன்னால் நின்றார்கள். நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை அடிப்பதும் சிறைபிடிப்பதும் கொடுமை, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்த வலையும் உண்மை. நான்கு மணி நேரம் ஊர் பார்த்துவிட்டுக் கப்பலேறுகிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

போகவே கூடாது என்று நிற்கும் நண்பர்களுக்கு. எந்த வழியில் போனாலும் வரியாகக் கட்டணமாக ஒரு பங்கு கொழும்பு அரசுக்குப் போகும் என்கிறீர்கள். போகும், மறுக்க மாட்டேன். 2022-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த நாடு கடன் கட்ட முடியாமல் கைவிரித்து, மருந்துக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், 137 வகை மருந்துகள் என்று 123 கோடி ரூபாய்க்கு அனுப்பத் தமிழ்நாடு சட்டப்பேரவை ஏப்ரல் 29 அன்று ஒருமனதாகத் தீர்மானித்தது. 2011-இல் தடை கேட்ட அதே பேரவை. முதலில் தமிழர்களுக்கு மட்டும் என்றுதான் முதலமைச்சர் ஸ்டாலின் நினைத்தார். பிரித்துக் கொடுக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் கொடுங்கள் என்று அங்கிருந்த தமிழ்த் தலைவர்கள் சொன்னதை அவரே பேரவையில் சொன்னார். அடிபட்டவர்கள் அப்படிக் கேட்டபோது நாம் கேட்டபடி செய்தோம். இப்போது அவர்கள் வாருங்கள் என்கிறார்கள், இதையும் கேட்போம். குற்றவாளிகளுக்கு எதிரான தடையை, சர்வதேச விசாரணையை, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் கோரிக்கையை விடாமல் பேசுவோம். அங்கே போய் நின்று திரும்பியவர் பேசினால் அந்தப் பேச்சுக்கு இன்னும் வலு. இலங்கைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் இந்தியர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள். எங்கே இறங்கி எங்கே தங்குகிறோம் என்பதைக் கொழும்பு கவனிக்காமல் இருக்காது.

சூளையில் அகல் அடுக்கிக்கொண்டிருந்த அந்த நண்பரிடம், நம் ஆட்கள் கப்பலில் போகிறார்களாம், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "வரட்டும் அண்ணை. வந்தா ஒரு ரெண்டு நாள் நிண்டு எங்கட சனத்தோட கதைச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ" என்றார். அவரால் இன்னும் போக முடியவில்லை. பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களுக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்ற கேள்விக்கே விடை இல்லாமல் இருக்கிறார்.

முன்பணம் கட்டியவர்கள் இந்த வாரமே அதைத் திருப்பிக் கேளுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மாவட்டத்து முகாம்களுக்குப் போவோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் யாருக்கு உறவுகள் இருக்கிறார்கள், யாருக்கு என்ன கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். போகவே கூடாது என்கிறவர்களும் அன்றைக்கு எங்களோடு வர வேண்டும். பிறகு நாகப்பட்டினக் கப்பலுக்குச் சேர்ந்து சீட்டு எடுப்போம். வருகிறவர்கள் என் சூளையில் வந்து பெயர் கொடுங்கள்.